ஹோல் நிறையச் சரவுண்ட்: யமஹா ஆர்எக்ஸ்-வி385 ரிசீவர்

யாழ்ப்பாணத்துக் கடைகளில் சரவுண்ட் செற் என்று கேட்டால் முதலில் மேசைக்கு வருவது, பெட்டியில் 5000 வாற், 8000 வாற் என்று பெரிதாக அடித்த செற்றுகள்தான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பிஎம்பிஓ’ என்று இருக்கும், கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண் அது. செற்றைத் திருப்பிப் பின்தகட்டைப் பாருங்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் 60 வாற், 80 வாற் என்றுதான் பலதில் போட்டிருக்கும். உள்ளுக்குப் போகாத வாற் வெளியில் வராது. வோல்யூமைப் பாதிக்கு மேல் கூட்டியதும் பாடுகிறவரின் குரல் கரகரக்கத் தொடங்குவது அதனால்தான்.

யமஹா ஆர்எக்ஸ்-வி385 அந்தக் கூட்டத்தில் சேராது. 2018 இல் வந்த 5.1 சனல் ரிசீவர் இது; அதாவது ஐந்து ஸ்பீக்கர் பொக்ஸும், ஆழ்ந்த பேஸுக்கு ஒரு சப்வூஃபரும். சனலுக்கு 70 வாற். அதுவும் 6 ஓம் பொக்ஸுக்கு, 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, 0.09 வீத ஒலிச்சிதைவோடு, இரண்டு சனல் மட்டும் ஓடும்போது அளந்தது என்று கொம்பனியே நிபந்தனையோடு சொல்கிறது. ஐந்து சனலும் ஒரே ட்ரான்ஸ்போமரில் தொங்குவதால் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதைவிடக் குறைவு. அப்படியிருந்தும் ஒரு சாதாரண ஹோலுக்கு இது தாராளம். ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றரில் 88 டெசிபல் தரும் பொக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 70 வாற் கொடுத்தால் அது 106 டெசிபல் வரை போகும். மூன்று மீற்றர் தள்ளி இருக்கும் கதிரையில் ஏறக்குறைய 97. வீட்டுக்குள் அதற்கு மேல் தேவைப்படாது.

வாற்றை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே கூடிய வாற் ரிசீவருக்குக் காசைக் கொட்டுவதைவிட, 88 க்குப் பதில் 91 டெசிபல் போட்ட பொக்ஸ் வாங்குவது புத்தி, பலன் ஒன்றுதான். பொக்ஸில் அதிரும் கோனின் விளிம்பு ரப்பராக இருக்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சில வருடங்களில் உதிர்ந்து போகும்.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: சப்வூஃபருக்கு இந்த ரிசீவரில் அம்பிளிபயர் கிடையாது, சிக்னல் வெளியே போகும் ஓட்டை மட்டும்தான். கறண்ட் வயரும் சொந்த அம்பிளிபயரும் உள்ள சப் தேவை. பழைய செற்றிலிருந்து கழற்றிய வூஃபர் பெட்டியைக் கொண்டுவந்து கொழுவ முடியாது. அதேபோல ஒரு முனையில் இரண்டு 8 ஓம் பொக்ஸைச் சேர்த்துக் கட்டுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படிக் கட்டினால் ரிசீவருக்குத் தெரிவது 4 ஓம். சத்தம் கூட்டியதும் சூடேறித் தானாக நின்றுவிடும். 6 ஓம் பொக்ஸ் என்றால், ரிசீவரை நிறுத்தி, ‘ஸ்ட்ரெய்ட்’ பட்டனை அமத்திப் பிடித்தபடி பவரைப் போட்டு, வரும் மெனுவில் ‘எஸ்பி இம்ப்’ (பொக்ஸின் ஓம் அளவு) என்பதை 6 ஓமுக்கு மாற்ற வேண்டும்.

வயர் விஷயத்தில் மெல்லிய வயரோடு சமாளிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பின்பக்க பொக்ஸுக்குச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் 10 மீற்றர் சுலபமாக வரும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் போய்வரும் தடை ஏறக்குறைய 0.23 ஓம்; 6 ஓம் பொக்ஸுக்கு அது பரவாயில்லை. 0.75 இல் அது 0.46 ஓம் ஆகிவிடும், பேஸ் தளர்ந்து போகும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்க வேண்டாம். பத்து மில்லிமீற்றர் மட்டும் உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கிச் செருகுங்கள். ஒரேயொரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் திரையில் ‘செக் எஸ்பி வயர்ஸ்’ என்று வந்து ரிசீவர் நின்றுவிடும். பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அந்த இழையைத் தேடுங்கள். கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில், குருநகர், நாவாந்துறைப் பக்கம், உப்புக் காற்றில் வயர் நுனியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வருடத்துக்கு ஒருக்கால் நுனியை வெட்டிப் புதிதாக உரித்துக் கொழுவினால் போதும்.

இனி ஹோல். சத்தமாய்க் கேட்கும்போது செற்றைவிடக் கூடத் தொந்தரவு தருவது இதுதான். சீமெந்துச் சுவர், ரைல்ஸ் தரை, கண்ணாடி யன்னல் எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். நடு ஹோலில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். ‘டிர்ர்ர்’ என்று ஒரு உதறல் பின்னால் வந்தால், அந்த உதறல் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு மிருதங்க அடியிலும் ஒட்டிக்கொள்ளும். முன் பொக்ஸுகளுக்கும் கதிரைக்கும் இடையில் தடித்த விரிப்பு, யன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த சீலை, பின்சுவரில் புத்தக அலுமாரி: இந்த மூன்றும் செய்கிற வேலையை எந்த ரிமோட் பட்டனும் செய்யாது. மரக்கதிரை மட்டுமே உள்ள ஹோல் என்றால் துணி மெத்தை போடுங்கள்.

பேஸுக்கு வேறு கணக்கு. 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகிறது. ஐந்து மீற்றர் நீள ஹோலில் 35 ஹேர்ட்ஸிலும், நான்கு மீற்றர் அகலத்துக்கு 44 இலும், மூன்று மீற்றர் உயரத்துக்கு 58 இலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி ஊதிப் பெருக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறைதான் ஆக மோசம், இரண்டும் ஒரே இடத்தில் கூடிவிடும். சப்பை மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே இந்த ஊதலும் கூடும். நல்ல இடம் கண்டுபிடிக்க, சப்பை நீங்கள் இருக்கும் கதிரையில் தூக்கி வைத்து, பேஸ் கிற்றார் நடந்து ஏறி இறங்கும் பாட்டொன்றைப் போட்டு, சுவரோரமாகக் குனிந்து காதைக் கொடுத்தபடி போய்ப் பாருங்கள். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கும் இடத்தில் சப்பை இறக்கி வையுங்கள்.

முன் இரண்டு பொக்ஸும் கதிரையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். சென்ரர் பொக்ஸ் ரீவிக்குக் கீழே, முகம் சற்று மேல் நோக்கி. பின்பொக்ஸுகளைப் பின்சுவர் மூலையில் ஆணியடித்துத் தொங்கவிடுவது இங்கே வழக்கம், அது பிழை. காதுக்குச் சற்றுப் பின்னால், முன்பக்கத்திலிருந்து 110 பாகை அளவில், காதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும்.

இந்த ரிசீவரின் பெரிய பலம் ‘வைபாஓ’ என்ற அளவெடுப்பு. கூடவே வரும் சின்ன மைக்கைக் கதிரையில் காது உயரத்தில், கமரா ஸ்ராண்டில் வைத்து ஓடவிட்டால் தூரம், மட்டம், சமன்படுத்தல் எல்லாம் தானே பிடிக்கும். அதற்கு முன் சப்பின் வோல்யூமைப் பாதியிலும், சப்பிலுள்ள கிறொஸ்ஓவர் (எந்த ஹேர்ட்ஸுக்குக் கீழே சப் பாடும் என்ற எல்லை) திருகியை முழுக்கக் கூட்டியும் வையுங்கள். சீலிங் ஃபானை நிறுத்துங்கள், தண்ணி மோட்டரையும். ‘ஈ-5’ வந்தால் அறையில் இரைச்சல் கூட என்று அர்த்தம். முற்றத்துக் காகமும் வீதியில் போகும் ஓட்டோவும் போதும் அது வர. இரவு ஒன்பது மணிக்கு எடுத்தால் தொல்லையில்லை. ‘டபிள்யூ-1’ என்றால் ஏதோ ஒரு பொக்ஸில் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கலாம். வயர் சரியென்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகும் வந்தால் அதை விட்டுவிடலாம், சில பொக்ஸுகளின் அமைப்பே அப்படி.

அளவெடுத்து முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். முன் பொக்ஸுகளை அது ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மோல்’ ஆக்கி, கிறொஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். ஐந்தங்குலக் கோன் 40 ஹேர்ட்ஸைத் தள்ள முயன்று திணறும்போதுதான் குரலும் சேர்ந்து கலங்குகிறது. அந்தச் சுமையைச் சப்புக்கு மாற்றியதும் ரிசீவருக்கும் மூச்சு வரும், அதே பொக்ஸ் இன்னும் சத்தமாய்ச் சுத்தமாய்ப் பாடும்.

செற்றைச் சோதிக்கத் தவிலைவிட நல்ல வாத்தியம் கிடையாது. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவைக் கூட்டிப் போடுங்கள். தவிலின் வலது முகமான வலந்தலையில் விரற்கூடு படும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கூர்மையாக, ஆனால் காதைக் கிழிக்காமல் வரவேண்டும். இடது முகமான தொப்பியில் கழி விழும்போது ஒரு அடி, உடனே ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தம் கேட்காமல் ‘கும்ம்ம்’ என்று இழுபட்டால் சப்பின் மட்டத்தை இரண்டு டெசிபல் இரண்டு டெசிபலாகக் குறையுங்கள். இந்த ரிசீவர் ஒழுங்காகச் செட் பண்ணியபின் அந்த நிறுத்தத்தை வடிவாகத் தருகிறது. இந்த விலைத்தரத்தில் அதுதான் மனதுக்கு நிறைவான விஷயம்.

யூரியூப்பிலும் புளூரூத்திலும் வரும் பாட்டு பெரும்பாலும் ஸ்டீரியோதான். அதை ஐந்தாக்க இரண்டு வழி. ‘5 சனல் ஸ்டீரியோ’ எல்லாப் பொக்ஸிலும் ஒரே பாட்டை ஓடவிடும். பிறந்தநாள் வீட்டில் ஆக்கள் ஹோல் முழுக்கப் பரந்து நிற்கும்போது அது சரி. தனியே இருந்து கேட்கும்போது குரல் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ‘சரவுண்ட் டிகோட்’ இரண்டு பக்கத்துக்கும் பொதுவான குரலை நடுவுக்கும், அலை எதிரெதிராக வரும் எதிரொலியைப் பின்னுக்கும் அனுப்புகிறது. கதிரையில் இருந்து கேட்க இதுவே மேல். பழைய மோனோப் பாட்டுகளுக்கு இரண்டும் வேண்டாம், ‘ஸ்ட்ரெய்ட்’ போதும்.

உண்மையான 5.1 வேண்டுமென்றால் கச்சேரி டிவிடி, புளூரே. பிளேயரை ரிசீவரின் நான்கு எச்டிஎம்ஐ ஓட்டைகளில் ஒன்றில் நேராகக் கொழுவுங்கள். ரீவியில் கொழுவி, ரீவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ‘ஆர்க்’ வழியாகக் கொண்டுவந்தால் டிடிஎஸ் என்ற 5.1 ஒலி வடிவத்தைப் பல ரீவிகள் வெட்டிவிடும். பிளேயரின் ஒலி அமைப்பு, தட்டில் உள்ளதை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் ‘பிற்ஸ்ரீம்’ இல் இருக்கட்டும். ரிசீவரின் திரையில் ‘பிசிஎம்’ என்று காட்டாமல் டொல்பி அல்லது டிடிஎஸ் என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு ஒரு அளவு இருக்கிறது. அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணித்தியாலம், 94 இல் ஒரு மணித்தியாலம், 100 இல் கால் மணித்தியாலம். மெனுவில் ‘மெக்ஸ் வோல்யூம்’ என்பதை அதற்கேற்பப் பூட்டிவிடுங்கள், பிள்ளைகள் ரிமோட்டை எடுத்தாலும் பயமில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நேரத்தை வீட்டுச் சப்புக்கும் வைத்துக்கொள்வது நல்லது. குரல் மதிலோடு நிற்கும். பேஸ் அடுத்த வளவுக்குள் போய்ப் படுத்திருப்பவரின் நெஞ்சில் தட்டும். சப்புக்குக் கீழே தடித்த ரப்பர் போட்டால் தரை வழியாகப் போவது குறையும்.

ரிசீவருக்கு மேலே 30, பக்கங்களில் 20 சென்ரிமீற்றராவது காற்று விடுங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் அரை மணித்தியாலத்தில் நின்றுவிடும். மேல்மூடியின் வெப்பத்துக்குப் பல்லியும் எறும்பும் வரும். பாவிக்காத நாட்களில் பருத்தித் துணியால் மூடி, போடுமுன் எடுத்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி கேட்டதும் கறண்ட் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும்; மின்னல் கேபிள் வழியாகவும் எச்டிஎம்ஐயைப் பதம் பார்க்கும். எந்நேரமும் ‘ம்ம்ம்’ என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இருந்தால் முதலில் அந்தக் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு நின்றுவிடும்.

வைஃபை இதில் இல்லை, கூரையிலிருந்தும் ஒலி வரவைக்கும் டொல்பி அட்மோஸ் இல்லை, 5.1 க்கு மேல் பொக்ஸ் கூட்டவும் முடியாது. கூரையிலும் பொக்ஸ் வேண்டும் என்பவர்கள் ஏழு சனல் மொடலைப் பார்க்கட்டும். பாவித்ததாக ஒன்று மலிவாக வந்தால், பின்தகட்டில் 100 வோல்ற் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஜப்பானில் ஓடிய செற். எங்கள் 230 வோல்ற்றில் நேரே கொழுவினால் அந்த நிமிடமே எரியும். அதற்கேற்ற ட்ரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துப் பார்த்து விலை பேசுங்கள்.