காவடிப் படத்துக்கு வேர்ட்பிரஸா, ட்ரூபலா?

வேர்ட்பிரஸ், ட்ரூபல் இரண்டும் இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்கள். எங்கள் கோவிலின் இணையதளம் ஐந்து வருடம் வேர்ட்பிரஸில் ஓடியது. மூன்று வருடத்துக்கு முன் ட்ரூபலுக்கு மாற்றினேன். இலவசம், திறந்த மூலம் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. என்னை மாற வைத்தவை காவடிப் படங்கள்.

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அன்று ஒரே நாளில் அறுநூறு படம் வந்து குவியும். எடுப்பவர்கள் எல்லாரும் போனை நிமிர்த்திப் பிடித்தே எடுப்பார்கள். தளத்தின் முகப்பிலோ படம் படுக்கைவாட்டில் வேண்டும். மென்பொருள் பாட்டுக்கு நடுவில் வெட்டினால் காவடியும் முகமும் போய், ஒருவருடைய வயிறும் வேட்டியும்தான் மிஞ்சும்.

கையால் திருத்த வேர்ட்பிரஸ் சுலபம். படத்தைத் திறந்து கத்தரிக்கலாம், சுழற்றலாம், சுருக்கலாம். பிடிக்காவிட்டால் மூலப் படத்தை மீட்கலாம். அலுவலகத்து அக்கா பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். ட்ரூபலில் இப்படிக் கையால் கத்தரிக்கத் தனி மாட்யூல், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் துணைநிரல், வேண்டும்.

ஆனால் வேர்ட்பிரஸ் படம் ஏறிய உடனேயே அளவுக்கு ஒரு கோப்பாக வெட்டி வைத்துவிடும். பிக்சல் கணக்கில்: 150, 300, 768, 1024, அப்புறம் 5.3 பதிப்பிலிருந்து 1536, 2048, கூடவே 2560க்குச் சுருக்கிய ஒரு பிரதி. மூலத்தையும் சேர்த்தால் ஒரு போன் படம் 8 கோப்பு. அறுநூறு படத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பகுதி) புது அளவு ஒன்றைச் சேர்த்தால் அது இனிமேல் ஏற்றும் படங்களுக்கு மட்டும்தான். பழையவற்றை மறுபடி வெட்டச் சொல்லவேண்டும். எங்கே வெட்டுவது, மேல்பக்கமா இடப்பக்கமா என்று குறிப்பிட வழி உண்டு, ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே விதி. ஒரு தடவை அவசரத்தில் மறுவெட்டு ஓடவிட்டேன். இரண்டு வருடமாகத் தம்ப்நெயில் என்ற சின்ன முன்னோட்டப் படங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து வைத்திருந்தேன். அத்தனையும் திரும்ப நடுவெட்டுக்குப் போயின. நகல் எடுத்து வைக்காதது என் தப்பு.

ட்ரூபலில் ஏற்றிய படம் அப்படியே இருக்கும். 'இமேஜ் ஸ்டைல்' என்பது சமையல் குறிப்பு மாதிரி: முதலில் சுருக்கு, பிறகு வெட்டு, வேண்டுமானால் நிறம் நீக்கு. அந்த அளவில் யாராவது முதன்முதலாகப் படத்தைக் கேட்கும்போதுதான் பிரதி உருவாகும். குறிப்பை மாற்றினால் பழைய பிரதிகள் கழிந்து, அடுத்து கேட்கும்போது புதிதாக உருவாகும். இதோடு ஃபோகல் பாயிண்ட் மாட்யூலைச் சேர்த்தேன். படத்தின் மேல் ஒரு சின்னக் கூட்டல் குறி வரும். அதைக் காவடி எடுப்பவரின் முகத்தில் நகர்த்தி வைத்தால் போதும், எந்த அளவில் வெட்டினாலும் அந்தப் புள்ளியைச் சுற்றியே வெட்டும். போன வருடம் முகப்புப் படத்தை இன்னும் அகலமாக்கினோம். நான் செய்தது ஸ்டைலில் இரண்டு எண்களை மாற்றியதுதான். பழைய படங்களும் முகத்தோடு வந்தன.

வேர்ட்பிரஸின் கவர் பிளாக்கிலும் (படத்தின் மேல் எழுத்து வைக்கும் பக்கப் பகுதி) இப்படி ஒரு புள்ளி வைக்கலாம். அது அந்த பிளாக்கோடு சரி. எல்லா அளவுக்கும் பொருந்தும் ப்ளக்இன்கள் (வேர்ட்பிரஸின் துணைநிரல்கள்) இருக்கின்றன, நான் போட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் தளம் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் ஓடுகிறது. ஒரே படத்துக்கு மூன்று மொழியில் மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விளக்கம்) எழுத ட்ரூபலில் வெளியிலிருந்து எதுவும் வாங்கவேண்டியதில்லை.

ட்ரூபலில் தலைவலி இல்லாமல் இல்லை. போன் படத்தை வேர்ட்பிரஸ் தானே நிமிர்த்திவிடும். இங்கே முதல் வருடம் பக்தர்கள் எல்லாரும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டே நடந்தார்கள். ஏற்றும்போதே நிமிர்த்தும் மாட்யூல் ஒன்றைப் போட்டபின்தான் எழுந்தார்கள். பதிப்பு மாற்றத்துக்குக் கம்போசர் என்ற, கட்டளை தட்டச்சு செய்து ஓட்டும் கருவி தெரிந்திருக்கவேண்டும். கோவிலில் அது என் ஒருவனுக்குத்தான் தெரியும், நான் ஊரில் இல்லையென்றால் யாரும் தொடமாட்டார்கள். ஐம்பது படம் உள்ள கடைத் தளம் என்றால் வேர்ட்பிரஸே போதும் என்பேன். பத்துப் பேர் சேர்ந்து படம் ஏற்றும் பெரிய தளத்தை நான் எதிலும் நடத்தியதில்லை.

வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் படத்தை மட்டும் இரண்டாலும் காப்பாற்ற முடியவில்லை. இந்த வருடம் கொடியேற்றத்தன்றே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டோம்: படங்களை ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பவும்.