அப்பா நினைவாக ஒரு மரம்: புங்கையா, பனையா?

நினைவு மரம் என்றாலே பலரும் புங்கங்கன்றைத்தான் தேடுகிறார்கள். சரிதான், சில வருடங்களிலேயே நிழல் தரும். ஆனால் முதல் கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். வெளியூரில் இருப்பவர் நட்டால் பெரும்பாலும் கன்றைச் சுற்றி வைத்த கூண்டுதான் மிஞ்சும்.

பனைக்கு அந்தக் கவலை குறைவு. வேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நடுவது கஷ்டம். மழைக்கு முன் விதையை நேராக ஊன்றிவிடலாம். ஏரிக்கரையோ வயல் வரப்போ போதும். ஆண்பனையா பெண்பனையா என்பது பூத்தால்தான் தெரியும், அதற்கே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நிழலும் பெரிதாகக் கிடைக்காது. ஆனால் நூறு வருடம்கூட நிற்கும். அப்புறம், தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சாலையோர மரங்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் அது சின்ன விஷயமில்லை. என் ஓட்டு பனைக்கே. அம்மா சாயங்காலம் அதன் அடியில் உட்கார வேண்டும் என்றால் மட்டும் வாசலில் புங்கை வையுங்கள்.