2.0 படத்தின் டீசரும் ட்ரெய்லரும்: ஒரு மதிப்பீடு

2010-ல் வெளியான எந்திரனின் தொடர்ச்சியான 2.0, 2017 தீபாவளிக்கே வரும் என்று முதலில் அறிவிக்கப்பட்டு, வரைகலைப் பணிகளால் தள்ளிக்கொண்டே போனதால், 2018 விநாயகர் சதுர்த்தியன்று டீசர் வெளிவந்தபோது ரசிகர்களின் எதிர்பார்ப்பு எல்லை கடந்திருந்தது. அந்த எதிர்பார்ப்பே பாதி வினையாயிற்று என்பேன்.

கைகளிலிருந்து கைப்பேசிகள் பிடுங்கிக்கொண்டு பறப்பதும், அவை ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாக உருவெடுப்பதும் தமிழ்த் திரையில் அதுவரை காணாத கற்பனை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கால்பந்து மைதானச் சண்டையில் உருவங்களுக்கு எடையே இல்லாததுபோல் தோன்றியதால், ஒரு தரப்பினர் வீடியோ கேம் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று கேலி செய்ய, மறுதரப்பினர் முப்பரிமாணக் கேமராவிலேயே எடுத்த படத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா என்று மல்லுக்கு நின்றனர். சில திரையரங்குகளில் டீசரை முப்பரிமாணத்திலேயே காட்டினார்கள் என்பதால் இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும், பெரும்பாலோர் பார்க்கப்போவது யூடியூபில்தான் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாததல்ல.

நவம்பர் 3 அன்று வந்த ட்ரெய்லர் எவ்வளவோ மேல். வண்ணங்கள் சீராகியிருந்தன, வில்லனாக நடித்த அக்‌ஷய்குமாரின் சீற்றம் எதன்மீது என்பதும் ஓரளவு புரிந்தது. எனினும் மனிதர்களைவிடப் பறக்கும் பொருள்களுக்கே அதிக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ரஜினி நடித்த ரோபோ சிட்டியின் குறும்பை ரசித்து எந்திரனைக் கொண்டாடிய என்னைப் போன்றோருக்கு, ரஜினி அந்த இரைச்சலுக்கு நடுவே கொஞ்சமாகத்தான் கிடைத்தார்.