கணினித் தொலைநோக்கியோடு மூன்று ஆண்டுகள்

ஈரோட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 2022 டிசம்பர் முதல் ஒரு கணினித் தொலைநோக்கியைப் பயன்படுத்தி வருகிறேன். 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட நியூட்டன் வகைக் குழல், அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் இரண்டு மோட்டார்களால் திருப்பும் ஒற்றைக் கைத் தாங்கி, ஆயிரக்கணக்கான வான்பொருள்களின் பட்டியலை உள்ளே வைத்திருக்கும் ஒரு கைக்கருவி: இவ்வளவுதான் மொத்தச் சாதனம். பொத்தானை அழுத்தினால் சனிக் கோளைக் காட்டும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் நாம் எங்கே நிற்கிறோம், இப்போது மணி என்ன, எந்த விண்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்ற மூன்றையும் பிழையின்றிச் சொல்லிக் கொடுத்த பிறகே அந்தப் பொத்தானுக்கு உயிர் வருகிறது. அலைன்மென்ட் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பத்து நிமிட வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

என் கைக்கருவியின் ஊர்ப் பட்டியலில் ஈரோடு கிடையாது. அதனால் 11 பாகை 20 நிமிட வடக்கு, 77 பாகை 43 நிமிடக் கிழக்கு என்று நானே உள்ளிட வேண்டியிருந்தது. கைபேசி வரைபடம் இதையே 11.34 என்று தசமத்தில் காட்டும். ஒரு பாகைக்கு அறுபது நிமிடம் என்பதை மறந்து, அதை 11 பாகை 34 நிமிடம் என்று அப்படியே பதிந்துவிடுவது மிக எளிதாக நேரக்கூடிய தவறு. தீர்க்கரேகைக்கு மேற்கு என்றே முதலில் காட்டுவதால், அதைக் கிழக்கு என மாற்றவும் மறக்கக் கூடாது. நேர வலயத்தில் அரை மணிக் கணக்கை ஏற்கும் வழி எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே உலகப் பொது நேரத்தைத் தேர்ந்தெடுத்து, நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து உள்ளிடுகிறேன். இரவு எட்டு மணி என்றால் 14:30. கோடைகாலக் கடிகார மாற்றம் நம் நாட்டில் இல்லாததால் அந்த வினாவுக்கு எப்போதும் இல்லை என்பதே விடை.

தேதியில்தான் நான் பெரிதாக அடிபட்டேன். 2023 மார்ச் 5 அன்று, கைக்கருவி மாதத்தை முதலில் கேட்கிறது என்பதைக் கவனிக்காமல் நம் வழக்கப்படி நாளை முதலில் போட்டுவிட்டேன். அது மே 3 என்று எடுத்துக்கொண்டது. வானம் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னே நகர்வதால், 59 நாள் பிழை என்பது கிட்டத்தட்ட நான்கு மணி நேரப் பிழை. சிரியஸ் தெற்கே உயரத்தில் பளிச்சென்று நிற்க, கைக்கருவியோ அப்போது உதித்தே இராத சித்திரையையும் சுவாதியையும் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பட்டியலிட்டது. இயந்திரம் பழுதென்று நினைத்து அன்று மூட்டை கட்டிவிட்டேன். மறுநாள் கையேட்டைப் பொறுமையாகப் படித்த பிறகே உண்மை விளங்கியது.

சித்திரை, சுவாதி என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கைக்கருவி ஸ்பைகா, ஆர்க்டூரஸ், ஆல்டெபரான், பெட்டல்ஜியூஸ், ரெகுலஸ், அன்டாரஸ், ஆல்டேர் என்று கேட்கிறது. இவை முறையே நம்முடைய சித்திரை, சுவாதி, ரோகிணி, திருவாதிரை, மகம், கேட்டை, திருவோணம். பஞ்சாங்கத்தில் தினமும் பார்க்கும் பெயர்களை வானத்தில் உரிய இடத்தோடு பொருத்திக்கொண்டால், ஆண்டு முழுவதற்கும் போதுமான வழிகாட்டி விண்மீன்கள் கைவசம் இருக்கும். வடக்கு நாடுகளில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாத அகத்தியர் (கனோபஸ்) விண்மீனும் நமக்குக் கிடைக்கிறது. துருவ விண்மீன் மட்டும் நமக்கு அடிவானத்துக்கு மிக அருகில் இருப்பதால் பயன்படுவதில்லை. ஒன்றுக்கொன்று அறுபது பாகைக்கு மேல் விலகி, தலைக்கு நேர் மேலேயோ அடிவானத்தை ஒட்டியோ இல்லாத இரண்டு விண்மீன்களையே நான் தேர்ந்தெடுக்கிறேன். முக்காலியின் மட்டம் சற்றுப் பிசகியிருந்தாலும், இரு விண்மீன் முறையில் கணினி அந்தச் சாய்வையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நிலவையோ வியாழனையோ மட்டும் வைத்துச் செய்யும் ஒற்றைப் பொருள் முறையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே மட்டக்குமிழி நடுவில் நின்றே ஆக வேண்டும்.

விண்மீனை ஆள்மாற்றிக் காட்டினாலும் இயந்திரம் ஒப்புக்கொள்ளாது. ஓர் இரவு அகத்தியரை முதலிலும் போலக்ஸை இரண்டாவதாகவும் கொடுத்தேன். மூன்று முறையும் அலைன்மென்ட் தோல்வி என்றே வந்தது. நான்காவது முறை 9 மி.மீ. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையை, பொருத்திக் கூர்ந்து பார்த்தபோது, நடுவில் இருந்த அந்த வெள்ளை விண்மீன் ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளாகப் பிரிந்தது. அது காஸ்டர். புனர்பூசம் என்று நாம் சேர்த்துச் சொல்லும் இணையில், நாலரைப் பாகை தள்ளி இருக்கும் மற்றொன்றுதான், லேசான ஆரஞ்சு நிறத்தில் தெரிவதுதான், போலக்ஸ். நான் காட்டிய இரண்டு விண்மீன்களுக்கு இடையிலான கோணம் கணினியின் கணக்கோடு ஒத்துப்போகாததால் அது மறுத்திருக்கிறது. அந்த மறுப்பால்தான் காஸ்டர் இரட்டை விண்மீன் என்பதை என் கண்ணாலேயே கண்டேன். இன்றும் அந்தக் காட்சியை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

நடுவில் நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 25 மி.மீ. ஐபீஸில் 26 மடங்குதான் பெரிதாகத் தெரியும். அதில் நடு என்று நினைப்பது நடுவாக இருப்பதில்லை. அதனால் 72 மடங்கு தரும் 9 மி.மீ. ஐபீஸுக்கு மாறி, குவியத்தை வேண்டுமென்றே கலைத்துவிடுகிறேன். விண்மீன், நடுவில் கரிய ஓட்டை விழுந்த உளுந்து வடை போல விரிந்து பார்வைப் புலத்தை ஏறக்குறைய நிரப்பும்போது, சுற்றிலும் உள்ள இருள் விளிம்பு சம அகலமாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். கடைசி நகர்த்தல் எப்போதும் மேல் அம்புக்குறியாலும் வலது அம்புக்குறியாலும் முடிய வேண்டும் என்று என் கையேடு சொல்கிறது. பற்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு ஒரே பக்கமாக அடைபட்டால்தான், பின்னர் கணினி தானே திரும்பும்போதும் அதே பக்கமாக வந்து நிற்கும். இந்த ஒரு பழக்கத்துக்கு முன்பு பொருள்கள் புலத்தின் ஓரத்தில் வந்து நின்றன; இப்போது பெரும்பாலும் நடுவை ஒட்டியே வருகின்றன.

குறை என்று சொன்னால் மின்சாரம்தான். எட்டு பென்சில் பேட்டரிகள் ஓரிரு இரவுகளில் தளர்ந்துவிடும். மின்னழுத்தம் இறங்கினால் கைக்கருவி அணைந்து மீண்டும் எழும், செய்த அலைன்மென்ட் முழுவதும் அழிந்துபோகும். இருட்டில் வயர் தாங்கியைச் சுற்றிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கியும் இதே இழப்பு நேர்ந்திருக்கிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வாங்கி, வயரைத் தாங்கியின் கையோடு சேர்த்துக் கட்டிய பிறகு இந்தத் தொல்லை ஓய்ந்தது.

தலைக்கு நேர் மேலே இருக்கும் பொருள்களைத் தொடர்வதில் இந்த வகைத் தாங்கி தடுமாறுகிறது. புலம் மெல்லச் சுழல்வதால் நெடுநேரப் படங்களுக்கும் இது ஏற்றதன்று. கண்ணால் பார்ப்பதற்கே வாங்கியவன் என்பதால் எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. 2023இல் ஓரளவு திறந்து தெரிந்த சனியின் வளையம், 2024இல் மெல்லிய கோடாக ஒடுங்கியதை இதே ஐபீஸில் மாதாமாதம் பார்த்து வந்தேன்.

மாடித் தரையில் முக்காலியின் மூன்று கால்களுக்கும் பெயிண்டால் புள்ளி வைத்திருக்கிறேன். மே மாத இரவு பத்து மணிக்கு ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைத் தேர்ந்தெடுத்தால், குழல் முனகிக்கொண்டே தெற்கே திரும்பி, கைப்பிடிச் சுவருக்கு மேலே முப்பது பாகை உயரத்தில் நிற்கிறது. ஐபீஸில் முதலில் மங்கலான பஞ்சு உருண்டை ஒன்று தெரியும். கண் இருட்டுக்குப் பழகப் பழக, அதன் விளிம்பில் விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்.