41 பேர், ஒரே சுயவிவரம்: சிடிபியுடன் இரண்டு ஆண்டுகள்

வாடிக்கையாளர்களுக்கு மடல்களைத் தானாக அனுப்பும் மார்க்கெட்டிங் ஆட்டோமேஷனே போதுமா, பல இடங்களில் கிடக்கும் அவர்களின் தரவை ஆளுக்கொரு சுயவிவரமாகத் திரட்டும் சிடிபி எனப்படும் வாடிக்கையாளர் தரவுத் தளமும் வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முன்னதை ஐந்து ஆண்டுகளாகவும் பின்னதை இரண்டு ஆண்டுகளாகவும் கையாண்டு வருகிறேன். எது எதற்கு என்பது அவருக்குத் தெரியும் என்பதால் நேரே அனுபவத்துக்கு வருகிறேன்.

ஆட்டோமேஷனைப் பொறுத்தவரை மனிதர் என்றால் மின்னஞ்சல் முகவரிதான். அலுவலக முகவரியில் வெபினாருக்குப் பதிந்தவரும் சொந்த முகவரியில் பொருள் வாங்கியவரும் ஒருவரே என்று அது அறியாததால், காலையில் முழு விலை கொடுத்தவருக்கு மாலையில் தள்ளுபடி மடல் போகும். போதாக்குறைக்கு, 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மடல் திறக்கப்பட்டதைக் காட்டிக்கொடுக்கும் மறைபடம் உட்படப் படங்களை முன்கூட்டியே தருவித்துக்கொள்வதால், திறக்காத மடலும் திறந்ததாகப் பதிவாகி, யார் வாங்கக்கூடும் என்று மதிப்பெண் போடும் எங்கள் லீட் ஸ்கோரிங் கேலிக்கூத்தாயிற்று.

சிடிபி வந்தபின் கொள்முதலையும் சேவைப் பதிவுகளையும் வைத்தே மதிப்பெண் போட முடிந்தது. புகார் நிலுவையில் உள்ளவர்களை விற்பனை மடலிலிருந்து விலக்க முன்பு இரண்டு நாள் எக்செல் கோப்புகளோடு மல்லுக்கட்டுவோம். இப்போது பத்து நிமிட வேலை. இந்த ஒன்றுக்காகவே அதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

என் பொறுமையைச் சோதித்தது, ஒரே ஆளின் பதிவுகள் எவை என்று கண்டு ஒன்றாக்கும் அதன் அடையாள இணைப்பு. வரவேற்பு மேசையில் இருந்த ஒரே டேப்லெட்டில் வாடிக்கையாளர்கள் 41 பேர் அடுத்தடுத்து உள்நுழைந்திருக்கிறார்கள். வெளியேறும்போது சாதன அடையாளத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஒற்றை வரி எங்கள் நிரலில் விடுபட்டிருந்தது. அந்த 41 பேரையும் சிடிபி ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது. ஒருவர் மடல் வேண்டாம் என்று பொத்தானை அழுத்தியதும் 41 பேருக்கும் மடல் நின்றுபோயிற்று; அதற்கு முன்பே முன்பின் அறியாத ஒருவரின் பெயரால் வாழ்த்துப் பெற்றவர்களும் உண்டு. பிரிக்க வழி கேட்டபோது, இணைத்ததைப் பிரிக்க இயலாது, சுயவிவரத்தை அழித்துவிட்டு மூலத் தரவை மீண்டும் ஏற்றுங்கள் என்று பதில் வந்தது. ஏற்றினோம், கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது: பழைய பதிவுகளைப் புதியவை என்று நம்பிய ஆட்டோமேஷன், ஓராண்டுக்கு முன் சேர்ந்தவர்களுக்கெல்லாம் மறுபடியும் வரவேற்பு மடல் அனுப்பிவிட்டது.

விடுபட்ட வரி எங்கள் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சுயவிவரத்துக்கு ஒரே பயனர் எண் என்று வரம்பு கட்டும் வசதி அதில் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. எங்களுக்கு நிறுவிக் கொடுத்தவர்கள் அதைத் தொடவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள், ஆட்டோமேஷனே போதும். எங்கள் ஒப்பந்தம் என்னவாயிற்று என்று அவர் கேட்பார். சென்ற வாரம் புதுப்பித்தாயிற்று; பரிந்துரைக் குறிப்பை எழுதியவனும் நானே.