மழைக்கு நிற்கும் கருவி: செவிப்புலன் சோதனையில் என் இரண்டு ஆண்டு அனுபவம்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் பணிபுரியும் நான், ஒரு டெப்லட்டும் அதனுடன் சேர்த்தே அளவு திருத்தப்பட்ட ஹெட்போனும் கொண்ட கையடக்கச் செவிப்புலன் சோதனைக் கருவியை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு 1000, 2000, 4000 ஹேர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண்) ஒலிகளை 35 டெசிபெல் (ஒலியின் உரப்பு) அளவில் கேட்கவிட்டு, தவறவிடுபவர்களுக்கு மட்டும் முழுச் சோதனை செய்கிறேன்.

கருவியின் பெறுமதி எனக்கு விளங்கியது, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்தின் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஓர் அண்ணனைச் சோதித்த நாளில்தான். "பேசுறது கேக்குது தங்கச்சி, என்னா பேசுறாங்கன்னுதான் வெளங்கல" என்றார். 1000 ஹேர்ட்ஸ் வரை இரு காதுகளும் 20 டெசிபெலுக்குள்ளேயே கேட்டன. 4000இல் இடது காதுக்கு 55 டெசிபெல் தேவைப்பட்டது. 8000இல் மறுபடியும் 35க்கு வந்துவிட்டது. நடுவில் மட்டும் விழும் இந்தப் பள்ளம், நாள்தோறும் எட்டு மணித்தியாலம் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நிற்பவர்களிடம் காணப்படும் அடையாளம். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக இருப்பதால் பேச்சுக் குரல் காதில் விழுகிறது. ச, ஸ போன்ற மெல்லிய உயர் ஒலிகள் நழுவிவிடுவதால் 'சட்டி'யா 'பட்டி'யா என்பது தெரிவதில்லை. முன்பெல்லாம் நான் செய்ததுபோல முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், அவர் உடனே திரும்பியிருப்பார். நானும் காது நல்லது என்று எழுதியிருப்பேன்.

குறை சொல்வதானால் முதலிடம் மழைக்குத்தான். சுற்றுப்புற இரைச்சல் எல்லை மீறினால் கருவி தானாகவே சோதனையை நிறுத்திவிடும். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் தகரக் கூரையின் கீழ் ஜூன் மாதத்துப் பிற்பகலில் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. தொழிலாளர்கள் மலையிலிருந்து இறங்கி வரும் நேரமும் அதுவே. கடைசியில், சீலிங் அடித்த பிள்ளைக் காம்பராவை (வேலைக்குப் போவோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் மெத்தைகளை யன்னல்களில் சாய்த்து வைத்தபின் வேலை ஒழுங்காக நடந்தது.

இரண்டாவது பாடத்தைக் கற்பித்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. இரு காதுகளிலும் எல்லா ஒலிகளையும் தவறவிட்ட அவரை மேலிடத்துக்கு அனுப்பத் துண்டு எழுதியபின்தான் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன், காதுக்குடுமி (காது அழுக்கு) அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுப்பித்து மூன்று வாரங்களின் பின் சோதித்தபோது 35 டெசிபெலில் மூன்று ஒலிகளும் கேட்டன. அன்று முதல் விளக்கு பார்க்காமல் ஹெட்போனை மாட்டுவதில்லை. இன்னொன்று, "கேட்டவுடன் கையைத் தூக்குங்கள்" என்றால் எங்கள் ஆட்கள் நன்றாகக் கேட்கும்வரை மரியாதையாகக் காத்திருப்பார்கள். "கேட்ட மாதிரி இருந்தாலே தூக்குங்க" என்று சொல்லத் தொடங்கியபின் அளவுகள் திருந்தின.

பதினான்காவது மாதத்தில் ஹெட்போனின் மெத்தை கிழிந்தது. கொழுந்தெடுக்கும் அக்காமாரின் தோடுகளைக் கழற்றச் சொல்ல நான் கூச்சப்பட்டதன் பலன் அது. வேறொரு ஹெட்போனைச் செருகிக்கொள்ள முடியாது, செருகினால் அளவுகளுக்குப் பொருளே இல்லை. விற்றவர்கள் புதிதை அளவு திருத்தி அனுப்ப ஆறு வாரங்கள் எடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட, இரைச்சலுக்கிடையில் மூன்று இலக்கங்களைக் கண்டறியச் சொல்லும் இலவசச் செயலியையும் இடையில் முயன்றேன். நான் வைத்திருந்தது ஆங்கில இலக்கங்களில் பேசியது. இளையவர்களுக்குச் சரி, முதியவர்களிடம் அது காதை அல்ல, ஆங்கிலத்தையே சோதித்தது.

கண்டறிந்தபின் கிளினிக்குக்குப் போக வைப்பதுதான் கருவியால் ஆகாத வேலை. போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். ரோலர் அண்ணன் இரண்டு தவணைகளைத் தவறவிட்டு மூன்றாவதில்தான் போனார். காதடைப்பான் ஒரு சோடியும் கிடைத்தது. ஓராண்டின் பின் நான் மறுபடியும் சோதித்தபோது 4000இல் அவர் அளவு 60. ஐந்து டெசிபெல் வித்தியாசம் சோதனையின் வழமையான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காதடைப்பானைப் போடுகிறாரா என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நூலில் தேயிலைத் தூசி ஒரு பொட்டுக்கூடப் படவில்லை.