பழைய பஜேரோவும் படுவான்கரைச் சேறும்: ஏழு வருட அனுபவம்

எங்கள் வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக்கு அப்பால். வவுணதீவு தாண்டிக் கொஞ்சத் தூரம் வரை வீதி நல்லது. அதற்குப் பிறகு வட்டைப் பாதைதான், அதாவது வயல்வெளி மண்பாதை, கார்த்திகை மார்கழியில் முழுக்கக் களி. மோட்டார் சைக்கிளில் போனால் மட்காட்டுக்குள் களி இறுகிச் சில்லே சுழலாது. உழவு மெசினில் போகலாம். ஆனால் இருட்டினால் யானை நிற்கிற பாதையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திறந்த மெசினில் போக எனக்கு மனம் வரவில்லை. புது ஜீப்புக்கு வசதியும் இல்லை. அதனால் 2018 இல் ஒரு 1989 மிட்சுபிஷி பஜேரோ ஜீப் வாங்கினேன். 4டி56 டர்போ டீசல் எஞ்சின், 2,477 சிசி, மெனுவல் கியர்.

வாங்கிய உடனே உயர்த்த வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், முன்னுக்கு இரும்பு பம்பர் வைக்க வேண்டும் என்றுதான் ஆசை. செங்கலடிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "முதல்ல தண்ணியப் பாரு மனே. தலைக்குச் சூடு ஏறினா இது போயிரும்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதுதான் இந்த வண்டிக்கு நான் செய்த பெரிய நன்மை. இந்த எஞ்சினுக்கு அடிப்பாகமான புளொக் வார்ப்பிரும்பு, மேலே மூடும் ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் வால்வுகளுக்கு நடுவே ஹெட்டில் வெடிப்பு விழலாம். ரேடியேட்டரைக் கழற்றி உள்கூட்டைப் புதிதாகப் போட்டேன். தெர்மோஸ்டாட், தண்ணீர்க் குழாய்கள், விசிறியின் கிளட்ச் எல்லாம் மாற்றினேன். தனியாக ஒரு வெப்பமானியும் பூட்டினேன். அந்த வருடம் வெளியே பார்க்க வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. இன்றுவரை ஹெட் கழற்றவில்லை. அறுவடைக் காலத்தில் மட்டும் வைக்கோல் தூசும் பதரும் ரேடியேட்டரை அடைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டையும் அதே மூச்சில் மாற்றுங்கள். இதில் பெல்ட் இரண்டு. எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு சின்னப் பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் பெரியதும் போகும், வால்வை அழுத்தும் ரொக்கர் ஆம் உடையும். பெரியதை மட்டும் மாற்றிச் சின்னதை விட்டுவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

2019 இல் உயர்த்தும் வேலை செய்தேன். அதில் எனக்கு இன்னும் கவலைதான். முன்பக்கம் வில்லுக்குப் பதில் முறுகும் இரும்புத் தண்டு (டோர்ஷன் பார்) என்பதால் போல்ட்டை முறுக்கினாலே வண்டி எழும்பும், செலவே இல்லை. ஒரு கராஜில் இரண்டு அங்குலத்துக்கு மேல் முறுக்கிவிட்டார்கள். பின்னால் ஒரு வில்லுத்தகடு கூட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முன் அச்சு அளவுக்கு மீறிச் சரிந்து நின்றதால் நான்கே மாதத்தில் அச்சின் ஜொயின்ட்டை மூடும் ரப்பர் உறைகள் (சீவி பூட்) இரண்டும் கிழிந்தன. உள்ளே களி போய் ஜொயின்ட் அரைபட்டது. பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு வரை அடித்தது. அப்புறம் ஒரு அங்குலத்துக்கு இறக்கிவிட்டேன். மிச்ச உயரம் டயரால் வந்தது.

டயருக்குக் கொடுத்த காசுக்கு நான் வருந்தவே இல்லை. முன்பு 235/75 ஆர்15, கிட்டத்தட்ட 29 அங்குல உயரமான டயர் இருந்தது. 31 அங்குல மட் டயர் போட்டேன். பம்பர் ஓரத்தையும் மட்காட்டையும் கொஞ்சம் வெட்ட வேண்டி வந்தது. உழவு முடிந்த வயலின் ஓரத்தில் பழைய டயர் வழுவழுப்பாகிச் சும்மா சுற்றும். இது களியை உதறிக்கொண்டு போகும். நட்டமும் உண்டு. ஏற்றத்தில் இழுவை குறைந்தது. லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடியது 7.5 ஆனது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைப் பங்கீட்டு அளவுக்குத்தான் டீசல் கிடைத்தபோது அந்த ஒன்றரைக் கிலோமீற்றர் பெரிதாகத் தெரிந்தது. டயர் பெரிதானதால், வேக மீற்றர் 60 காட்டினால் உண்மையில் 64 அளவில் போகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். வாகனமும் பாகங்களும் விலையேறிவிட்டதால் 2023 இல் இரண்டாவது செட்டுக்கு முதல் செட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தேன்.

வாகரைக் கடற்கரை மணலில் டயரைவிடக் காற்றுதான் வேலை செய்கிறது. 32 இறாத்தலில் புதைந்த இடத்தில் 18 க்கு இறக்கியதும் தானாக ஏறி வந்தது. திரும்பக் காற்றடிக்கச் சிறிய பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

முன் சில்லுகளை அச்சோடு தானாகப் பூட்டும் ஓட்டோ ஹப் ஒருநாள் நடுச் சேற்றில் பிடிக்காமல் விட்டது. முன்னிழுவை போட்டும் பின் சில்லு மட்டும் சுற்றியது. பக்கத்து வயல் உழவு மெசின் வந்து இழுக்கும்வரை இரண்டு மணித்தியாலம். பிறகு கையால் திருப்பும் ஹப் போட்டேன். இறங்கித் திருப்புவது கரைச்சல்தான், ஆனால் பிடித்ததா என்ற சந்தேகம் இல்லை.

3,000 ரூபாய்க்குள் முடிந்த வேலை ஒன்று இருக்கிறது, இதை எல்லாருக்கும் சொல்கிறேன். அச்சின் நடுவே பற்சக்கரங்கள் இருக்கும் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூச்சுக் குழாயை நீட்டி மேலே கட்டுவது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, கிடைக்கிற துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சும். முதல் மாரியில் என் பின் டிஃபரன்ஷியல் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. குழாய் நீட்டிய பிறகு அப்படி வரவில்லை.

எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்னோர்கல் குழாய் நான் போடவில்லை. முழங்காலளவு தேங்கிய தண்ணீருக்கு அது தேவைப்படவில்லை. ஓடுகிற வெள்ளத்தில் அது காப்பாற்றப்போவதும் இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவில் மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரமே அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. அதற்குப் பிறகு வீதியைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடினால் நான் திரும்பி வந்துவிடுகிறேன்.

இப்போதைய பிரச்சினை துரு. உப்பு மணலில் ஓடியதற்குச் சரியாகக் கழுவாத ஆரம்ப இரண்டு வருடத்தின் விளைவு அது. சாரதி இருக்கைக்குக் கீழே தகடு கையால் அமுக்கினால் உள்ளே போகிறது. இந்த மாரிக்கு முன் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யக் கொடுத்திருக்கிறேன். இருக்கைகளைக் கழற்றி விறாந்தையில் வைத்திருக்கிறேன்.